கீபேடும் டச்சும் சேர்ந்த குறைந்த விலை போன்: ஆஷா 300 வாங்கலாமா?

நதிமூலம் (இழையைத் தொடங்கியவர், 2012)

நண்பர்களே, ஆறு வருடமாகச் சாதாரண கீபேட் போன்தான் வைத்திருக்கிறேன். விசைகளைப் பார்க்காமலே தட்டி அனுப்பும் அளவுக்குக் கை பழகிவிட்டது. இப்போது மாற்ற வேண்டிய நேரம். முழு டச் போன் ஒன்றை ஒரு வாரம் கடன் வாங்கி வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு வரியிலும் மூன்று எழுத்து தப்பாக விழுந்தது. அதே சமயம் படம் பார்க்கும்போதும் வலைப்பக்கத்தை நகர்த்தும்போதும் டச் எவ்வளவு சுகம் என்றும் தெரிந்தது.

அதனால் இரண்டும் இருக்கிற போன் தேடுகிறேன். பட்ஜெட் சின்னது. என் பட்டியலில் இப்போதைக்கு நோக்கியா ஆஷா 300, ஆஷா 202, ஆஷா 303 மூன்றும் இருக்கின்றன. எனக்குத் தேவையானவை: அழைப்பு, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், தமிழ்த் தளங்கள் வாசிப்பது, பாட்டு. கேம்ஸ் வேண்டாம். இன்னொன்றும் முக்கியம். ஒரு வருடம் கழித்து இந்தப் போன் அம்மாவிடம் போகும். அவர் கண்ணாடி இல்லாமல் போனை எடுப்பவர், விசையைத் தடவித்தான் எண்களைக் கண்டுபிடிப்பார்.

கையில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். விவரப் பட்டியல் எல்லாம் படித்துவிட்டேன், அனுபவம்தான் வேண்டும்.

---

பச்சைத்திரை

ஆண்ட்ராய்டு எடுங்கள் நண்பரே. கீபேட் காலம் முடிந்துவிட்டது.

---

விரல்நுனி

நான் ஆஷா 300 எடுத்து நாலு மாதம் ஆகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கை. 85 கிராம்தான். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. ஒரு கையால் முழுப் போனையும் ஆளலாம். கட்டைவிரல் கீழே விசைகளில் இருக்கும், கொஞ்சம் மேலே ஏற்றினால் திரை. 2.4 அங்குலத் திரை சின்னது என்று எல்லாரும் சொல்வார்கள், சின்னதுதான். ஆனால் விரலை நீட்டாமல் எல்லா மூலையும் எட்டுவது அந்தச் சின்னத் திரையால்தான்.

வேகம் நன்றாக இருக்கிறது. இந்த விலை வரிசைப் போனில் 1 கிகாஹெர்ட்ஸ் செயலி போட்டிருக்கிறார்கள். முன்பு நான் வைத்திருந்த செட்டில் மெனு திறக்கும்போது கடிகாரம் சுற்றும், அதைப் பார்த்துப் பார்த்தே பொறுமை போய்விட்டது. இதில் அது இல்லை. உள்ளே இருப்பது நோக்கியாவின் சாதாரணப் போன்களுக்கான சீரிஸ் 40 இயங்குதளம்தான். அதனால் ஒரே நேரத்தில் ஒரு ஜாவா செயலிதான் ஓடும். பாட்டு மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பிலிருந்து உலாவிக்குப் போக வேண்டும் என்றால் ஒன்றிலிருந்து வெளியே வந்துதான் இன்னொன்றுக்குள் போக வேண்டும். எனக்குப் பழகிவிட்டது, எல்லாருக்கும் பழகும் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயம். டச்சும் கீபேடும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன? முதல் இரண்டு நாள் குழப்பமாக இருந்தது. பழைய போனில் நடுவில் நாலு திசை விசை இருக்கும், இதில் அது கிடையாது. திரைக்குக் கீழே இடமும் வலமும் இருக்கும் தேர்வு விசைகளும் கிடையாது. மெனுவில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானாலும் திரையைத்தான் தொட வேண்டும். எழுதுவதற்கு மட்டும் விசை. அதாவது செய்தியை விசையில் எழுதுவீர்கள், "அனுப்பு" என்பதைத் திரையில் தொடுவீர்கள். கை மேலும் கீழும் போய் வரும். மூன்றாவது நாளிலிருந்து அது இயல்பாகிவிட்டது. இப்போது பழைய போனைத் தொட்டால் விரல் தானாகத் திரைக்குப் போகிறது.

கேமரா 5 மெகாபிக்சல். வெளிச்சத்தில் அருமை. ஃபிளாஷ் கிடையாது, அதனால் ராத்திரிப் படங்களை மறந்துவிடுங்கள். ஃபோகஸ் நிலையானது. ஒரு தாளைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் எழுத்து கலங்கும். நான் குறிப்பேட்டுப் பக்கங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்துவிட்டு, அப்புறம் பெரிதாக்கிப் படிக்கிறேன்.

மெமரி கார்டு 32 ஜிபி வரை ஏற்கும். 3.5 மிமீ ஜாக் இருக்கிறது, உங்களிடம் இருக்கும் இயர்போனே போதும்.

வை-ஃபை கிடையாது. இதை நன்றாக யோசித்துவிட்டு வாங்குங்கள். 3ஜி இருக்கிறது, அதுதான் ஒரே வழி.

---

வான்வழி

> வை-ஃபை கிடையாது. இதை நன்றாக யோசித்துவிட்டு வாங்குங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் வை-ஃபை இருப்பவர் ஆஷா 300 எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. வீட்டில் இணைப்பு சும்மா கிடக்கும், நீங்கள் போனில் தனியாக டேட்டா போட்டு இருப்பீர்கள். படம் ஒன்று இறக்கும்போதுகூடக் கணக்குப் பார்க்க வேண்டி வரும்.

2010இல் வந்த நோக்கியா எக்ஸ்3-02 இருக்கிறது, இன்னும் கிடைக்கிற இடத்தில் கிடைக்கிறது. அதிலும் 2.4 அங்குல டச், கீழே கீபேட், 5 மெகாபிக்சல், 3ஜி. கூடவே வை-ஃபை. தடிமன் 9.6 மிமீதான். அதே வருடம் வந்த சி3-01 என்றால் ஃபிளாஷும் உண்டு, உலோக உடம்பு. நான் எக்ஸ்3-02 வைத்திருக்கிறேன், வை-ஃபைக்காகவே அதை விட மனசு வரவில்லை.

---

விரல்நுனி

வான்வழி சொல்வது நியாயம். ஆனால் எக்ஸ்3-02இன் விசை அமைப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! அதில் ஒரு வரிசைக்கு நாலு விசை, மூன்றே வரிசை. நட்சத்திரமும் பூஜ்யமும் ஹேஷும் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக நிற்கும். கீபேடைப் பார்க்காமல் தட்டுகிற ஒருவருக்கு அது பெரிய மாற்றம். நதிமூலம் பார்க்காமல் தட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறார், அவர் அம்மாவும் அப்படித்தான்.

---

வான்வழி

ஆமாம், அதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கே இரண்டு வாரம் பிடித்தது. இடைவெளி விடுவதற்குக் கீழே கட்டைவிரலைக் கொண்டுபோனால் அங்கே 8 இருக்கும். அம்மாவுக்கு என்றால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

---

சாலிடர்

பழுது பார்ப்பது என் தொழில். கீபேட் செட், டச் செட் இரண்டையும் தினமும் திறக்கிறேன். எந்த நிறுவனத்தின் போனாக இருந்தாலும் பொருந்துகிற சில விஷயங்களைச் சொல்கிறேன், வாங்குவதற்கு முன் தெரிந்திருந்தால் நல்லது.

டச்சில் இரண்டு வகை. ஆஷா 300, 202, எக்ஸ்3-02, சி3-01 எல்லாம் ரெசிஸ்டிவ். 303 கெப்பாசிட்டிவ்.

ரெசிஸ்டிவ் என்றால் இரண்டு மெல்லிய படலங்கள், இரண்டிலும் மின்சாரம் கடத்தும் பூச்சு, நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. அழுத்தும்போது மேல் படலம் வளைந்து கீழே உள்ளதைத் தொடும். எந்த இடத்தில் தொட்டது என்பதை அந்த இடத்து மின்னழுத்தத்தை வைத்துப் போன் கணக்கிடும். அதனால் விரல்தான் வேண்டும் என்பதில்லை. நகம், பேனா மூடி, கையுறை போட்ட விரல், எதில் அழுத்தினாலும் வேலை செய்யும். ஈரக் கையிலும் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் தடவினால் போதாது, அழுத்த வேண்டும். மேல் படலம் பிளாஸ்டிக் என்பதால் கீறலும் சீக்கிரம் விழும்.

கெப்பாசிட்டிவ் என்றால் கண்ணாடி. விரல் படும்போது திரையின் மின்னேற்றத்தில் வருகிற மாற்றத்தை உணரும். தொட்டாலே போதும், மென்மையாக நகரும். நகத்துக்கும் சாதாரணக் கையுறைக்கும் பதில் சொல்லாது.

வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லணும். ரெசிஸ்டிவ் போனுக்குத் தடிமனான ஸ்க்ரீன் கார்டு ஒட்டாதீர்கள். ஏற்கெனவே அழுத்த வேண்டிய திரை, கார்டு ஒட்டினால் இன்னும் அழுத்துவீர்கள், அந்த அழுத்தமே படலத்தைச் சீக்கிரம் தேய்க்கும். மெல்லியதாக ஒன்று போதும். அடுத்து, சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். அப்புறம், தொட்ட இடம் ஒன்று, திறப்பது இன்னொன்று என்று ஆனால் உடனே டச் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இந்த வகைப் போன்களில் டச் கேலிபரேஷன், அதாவது தொடும் இடத்தைத் திரையோடு பொருத்திச் சரிசெய்வது, என்று ஒன்று செட்டிங்ஸில் இருக்கும், அதை ஒரு முறை செய்து பாருங்கள். என்னிடம் வருகிற செட்களில் கணிசமானவற்றுக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

இனி கீபேட். விசைகளுக்குக் கீழே டோம் ஷீட் என்று ஒரு தாள் இருக்கும், அதில் சின்னச் சின்ன உலோகக் குமிழ்கள். அழுத்தும்போது "டிக்" என்று வருவது அந்தக் குமிழ் மடங்குகிற சத்தம். தூசியும் ஈரமும் உள்ளே போனால் ஒரு விசை இரண்டு முறை விழும், இல்லை விழவே விழாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். அதற்கும் மசியவில்லை என்றால் ஷீட்டை மாற்றலாம், சின்ன வேலை.

டச் உடைந்தால்தான் கஷ்டம். விரல்நுனி மேலே எழுதியதைக் கவனித்தீர்களா? இந்தப் போன்களில் திசை விசை இல்லை. டச் முழுக்கப் போய்விட்டால் எண்ணைத் தட்டி அழைக்கலாம், வருகிற அழைப்பை எடுக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. சில செட்களில் லாக் எடுக்கவே திரையைத் தொட வேண்டும். கீபேட் இருக்கிறதே, டச் போனாலும் சமாளிக்கலாம் என்று நினைத்து இந்த வகைப் போனை வாங்குகிறவர்கள் உண்டு. அந்த எண்ணத்தில் வாங்காதீர்கள். டச்சைக் கண் மாதிரிப் பார்த்துக்கொள்ளணும்.

---

நதிமூலம்

சாலிடர் அண்ணா, மிக்க நன்றி. திசை விசை இல்லாததை நான் படத்தில் பார்த்தேன், ஆனால் அதன் அர்த்தம் இப்போதுதான் புரிகிறது.

வீட்டில் வை-ஃபை கிடையாது, அதனால் வான்வழி சொன்ன சிக்கல் எனக்கு இல்லை. 202 பற்றி யாரும் சொல்லவில்லையே? இரண்டு சிம் போடலாம் என்பதால் அதையும் பட்டியலில் வைத்தேன்.

---

கற்பூரம்

202 என் தங்கையிடம் இருக்கிறது. இரண்டாவது சிம்மைப் போனை அணைக்காமலே பக்கவாட்டில் மாற்றலாம், அது உண்மையிலேயே வசதி. பேட்டரி பிஎல்-5சி, எங்கே போனாலும் கிடைக்கும். ஆனால் 3ஜி இல்லை, வை-ஃபையும் இல்லை, கேமரா 2 மெகாபிக்சல். பேசுவதற்கும் செய்திக்கும் என்றால் போதும். நீங்கள் தளங்கள் வாசிப்பேன் என்கிறீர்கள், அப்படியானால் 300க்கே போங்கள்.

---

பச்சைத்திரை

நான் முதலில் ஒரே வரியில் எழுதியது கொஞ்சம் அவசரம். விளக்கமாகச் சொல்கிறேன்.

கீபேட்தான் வேண்டும் என்றாலும் ஆண்ட்ராய்டில் வழி இருக்கிறது. சாம்சங் கேலக்ஸி ஒய் ப்ரோ பாருங்கள். 2.6 அங்குல டச், கீழே முழு ஆங்கில விசைப்பலகை, ஆண்ட்ராய்டு 2.3. வை-ஃபை உண்டு. செயலிகள் தினமும் புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன, எல்லாரும் ஆண்ட்ராய்டுக்குத்தான் முதலில் எழுதுகிறார்கள். சீரிஸ் 40க்கு இன்று இருக்கிற வாட்ஸ்அப் நாளைக்கும் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? நீங்கள் ஒரு வருடத்துக்கு அப்புறம் அம்மாவுக்குக் கொடுப்பேன் என்கிறீர்கள். நீண்ட நாள் ஓட வேண்டிய போன் இது. அதனால்தான் சொல்கிறேன்.

---

நீலக்குறிஞ்சி

பச்சைத்திரை சொல்கிற எதிர்காலக் கணக்கு சரிதான். ஆனால் நீண்ட நாள் ஓடுவது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு பொருள் உண்டு. செயலிகள் ஓடுவது ஒன்று. ஒரு வயதானவர் யாரையும் கேட்காமல் தானாகவே ஒரு அழைப்பு செய்வது இன்னொன்று.

என் அப்பாவுக்குக் கை நடுங்கும். நாங்கள் ஆசையாக ஒரு முழு டச் போன் வாங்கிக் கொடுத்தோம், எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. அவர் ஒரு எண்ணைத் தொட்டால் பக்கத்து எண் விழும். தப்பாக விழுந்ததை அழிக்கப் போவார், அழைப்பே போய்விடும். யார் யாருக்கோ அழைப்பு போய், மறுபக்கம் கோபப்பட, அவர் போனைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு அது தெரிந்தது. வீட்டில் யாராவது வந்தால் "அவளுக்கு ஒரு போன் போட்டுக் கொடு" என்று கேட்டிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அவர் அவமானப்பட்டிருக்கிறார், நாங்கள் கவனிக்கவில்லை.

அப்புறம் ஆஷா 300 வாங்கினோம். விசை என்றால் நடுங்கும் விரலை முதலில் அதன் மேல் வைத்து நிறுத்தலாம், அப்புறம் அழுத்தலாம். டச்சில் வைத்தாலே தொட்டதாகிவிடுகிறது. அவருடைய சிக்கல் முழுவதும் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருந்தது. 5ஆம் விசையில் சின்ன மேடு இருக்கும், அதைத் தடவிப் பார்த்து மற்ற எண்களுக்குப் போகிறார்.

சாலிடர் சொன்ன மாதிரி ரெசிஸ்டிவ் திரை அழுத்தினால்தான் கேட்கும் என்பது குறையாகத்தான் எல்லா விமர்சனங்களிலும் வருகிறது. என் அப்பாவுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. லேசாகக் கை பட்டால் எதுவும் திறக்காது. பேரப்பிள்ளைகள் படத்தைத் திறந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், அதற்கு அந்தச் சின்ன டச் அவருக்குப் போதும்.

நதிமூலம், அம்மாவுக்குக் கொடுக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். 2 முதல் 9 வரை ஸ்பீடு டயல் போட்டுவிடுங்கள். விசையை அழுத்திப் பிடித்தால் போதும், அழைப்பு போகும். நான் 2இல் என்னையும் 3இல் தம்பியையும் வைத்திருக்கிறேன். இதைப் பழக்க ஒரு மாலை நேரம் போதுமாக இருந்தது.

---

பச்சைத்திரை

நீலக்குறிஞ்சி, நான் இந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை. வைத்து நிறுத்தி அப்புறம் அழுத்துவது என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் போனையும் பழைய கீபேட் போனையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தேன். உண்மை. என் பரிந்துரையை அம்மா விஷயத்தில் திரும்பப் பெறுகிறேன்.

---

இரவுவாசகன்

தமிழ் வாசிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் தொடவில்லை. நான் ராத்திரி வேலை செய்கிறவன், இடைவேளையில் போனில்தான் வாசிக்கிறேன். போனிலேயே தமிழ் எழுத்துரு இருந்தால் நேராகத் தெரியும். இல்லாத போனில் தமிழ்ப் பக்கம் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வரும்.

அதற்கு ஓப்பரா மினி உலாவியில் ஒரு வழி உண்டு, தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். முகவரி இடத்தில் ஓப்பரா என்று ஆங்கில எழுத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, கான்ஃபிக் என்று சேர்த்துத் தட்டுங்கள். இடைவெளி விடக் கூடாது. ஒரு அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் கடைசிக்குப் போனால் சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துருவைப் பயன்படுத்து என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதை "யெஸ்" ஆக்கிச் சேமியுங்கள். அவ்வளவுதான். அப்புறம் ஓப்பராவின் சர்வர் தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து உங்கள் போனுக்கு அனுப்பும். கொம்பும் காலும் இடம் மாறாமல் சரியாக வரும்.

படமாக வருவதால் டேட்டா கொஞ்சம் கூடுதலாகப் போகும், எழுத்தை நகல் எடுக்கவும் முடியாது. அது தவிர வேறு தொல்லை இல்லை. ஓப்பரா மினி எப்படியும் பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கித்தான் அனுப்புகிறது, அதனால் மொத்தத்தில் சாதாரண உலாவியைவிடக் குறைவாகவே செலவாகிறது.

ஆஷா 300இல் வாசிப்பது எப்படி என்றால், 240க்கு 320 திரையில் ஒரு வரிக்கு நாலைந்து சொல் வரும். நீளமான கட்டுரை என்றால் நிறையத் தள்ள வேண்டும். விரலால் தள்ளுவதைவிட நான் விசையில்தான் பக்கம் நகர்த்துகிறேன், ஓப்பரா மினியில் 2ஐ அழுத்தினால் மேலே, 8ஐ அழுத்தினால் கீழே போகும். கட்டைவிரல் ஒரே இடத்தில் இருக்கும், திரையில் ரேகை படியாது. இணைப்பைத் திறக்க மட்டும் தொடுகிறேன். கீபேடும் டச்சும் சேர்ந்து இருப்பதன் முழுப் பலன் எனக்கு இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. நாவல் ஒன்றையே இப்படி வாசித்து முடித்திருக்கிறேன்.

---

கற்பூரம்

இரவுவாசகன், இப்போதுதான் செய்து பார்த்தேன். கட்டம் எல்லாம் போய்த் தமிழ் வந்துவிட்டது! ஒரு வருடமாகக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி நன்றி.

---

மென்பொறி

303 வைத்திருக்கிறேன், இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். கெப்பாசிட்டிவ் டச், வை-ஃபை, 3ஜி, 1300 எம்ஏஹெச் பேட்டரி. கேமரா மட்டும் 3.2 மெகாபிக்சல். ஆங்கிலத்தில் நிறையத் தட்டுபவர்களுக்கு அதன் முழு ஆங்கில விசைப்பலகை சொர்க்கம். ஆனால் விசைகள் சின்னவை, எண்கள் எழுத்துகளோடு சேர்ந்து ஒரு மூலையில் இருக்கும். கண்ணாடி இல்லாமல் எண் தேடுகிற அம்மாவுக்கு வேண்டாம்.

---

நதிமூலம்

வாங்கிவிட்டேன். ஆஷா 300, மூன்று வாரம் ஆகிறது. உங்கள் எல்லாருக்கும் ஒரு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

விரல்நுனி சொன்னது போலவே இரண்டு நாள் தடுமாறினேன். இல்லாத திசை விசையைக் கட்டைவிரல் தேடியது. அப்புறம் சரியாகிவிட்டது. குறுஞ்செய்தியைப் பார்க்காமல் தட்டுகிறேன், பழைய வேகம் அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப் நன்றாக ஓடுகிறது. இரவுவாசகன் சொன்ன 2, 8 வழியில்தான் வாசிக்கிறேன். பேட்டரி 1110 எம்ஏஹெச். பேசவும் செய்திக்கும் மட்டும் என்றால் மூன்று நாள் வருகிறது, 3ஜியில் வாசித்தால் ஒன்றரை நாள். வாசிக்காத நேரத்தில் 2ஜிக்கு மாற்றி வைக்கிறேன்.

என்னைப் போலக் குழம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல நினைக்கிறேன். இந்த வகைப் போனைக் "கீபேடும் இருக்கிற டச் போன்" என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். திரை சின்னது, அழுத்த வேண்டும், இரண்டு விரலால் பெரிதாக்க முடியாது. "டச்சும் இருக்கிற கீபேட் போன்" என்று நினைத்து வாங்குங்கள். ஒரு நாளில் நூறு முறை செய்கிற வேலை விசையில் நடக்க வேண்டும், பத்து முறை செய்கிற வேலை திரையில் நடக்கலாம். உங்கள் நாள் அதற்கு நேர்மாறாக இருந்தால் பச்சைத்திரை முதலில் சொன்னதுதான் உங்களுக்குச் சரி.

மெல்லிய கார்டுதான் ஒட்டியிருக்கிறேன் சாலிடர் அண்ணா.

---

சாலிடர்

நல்லது தம்பி.

---

நதிமூலம் (2019)

இந்த இழையை இத்தனை வருடம் கழித்துத் திறக்கிறேன். யாராவது இன்னும் இருக்கிறீர்களா தெரியவில்லை.

2013இல் போன் அம்மாவிடம் போனது. நான் முழு டச்சுக்கு மாறினேன், பழகியும்விட்டேன். பச்சைத்திரை கேட்டாரே, நாளைக்கும் வாட்ஸ்அப் இருக்குமா என்று. சீரிஸ் 40க்கான ஆதரவு 2018 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. அவர் கேட்டது நடந்தேவிட்டது. அம்மா ஒரு நாளும் அதைத் திறந்ததில்லை என்பதால் எங்களுக்கு இழப்பு இல்லை. ஆனால் அதை நம்பியே வாங்கியவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

போன மாதம் அம்மா குளியலறை வாசலில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த போன் தரையில் மோதித் திரை விரிசல் விட்டது. மேல் பாதி டச் செத்துவிட்டது, கீழே ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. பெயர்ப் பட்டியலைத் திறக்க முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. நீலக்குறிஞ்சி, நீங்கள் சொன்னதைக் கேட்டு அன்றைக்கே 2இல் என் எண்ணைப் போட்டு வைத்திருந்தேன். அம்மா 5இன் மேட்டைத் தடவி, அதற்கு மேலே இருக்கிற 2ஐ அழுத்திப் பிடித்திருக்கிறார். எனக்கு அழைப்பு வந்தது. எலும்பு முறிவு எதுவும் இல்லை, இப்போது நடமாடுகிறார்.

டச்சை மாற்றிவிட்டேன். புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றேன், இதுவே போதும் என்று கையில் வைத்துக்கொண்டார்.

சாலிடர் அண்ணா இருந்தால் ஒரு கேள்வி. பிஎல்-4யு பேட்டரி இப்போது புதிதாக எடுத்தால் பல வருடம் சும்மா கிடந்ததாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

---

சாலிடர்

இருக்கிறேன் தம்பி. அம்மா நலமாக இருப்பது சந்தோஷம்.

பேட்டரியை மேசை மேல் படுக்க வைத்து விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம், வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் வோல்ட் பாருங்கள். 3.6க்கு மேல் இருந்தால் நம்பலாம், 3க்குக் கீழே இறங்கிக் கிடந்ததை எடுக்காதீர்கள். இந்த பிஎல்-4யு ஆஷா 305, 311 செட்களிலும் வந்தது, அதனால் இன்னும் தேடினால் கிடைக்கும். வாங்கியதும் ஒரு முறை முழு சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு போனில் போட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுங்கள்.

2ஆம் விசையில் "டிக்" சத்தம் தெளிவாக வருகிறதா என்றும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். மந்தமாக இருந்தால் செட்டைக் கொண்டு வாருங்கள், டோம் ஷீட்டை நானே மாற்றித் தருகிறேன்.